ஒயின் ஷாப்பில் ஒயின் எங்கே?

தமிழில் பொருந்தாத பெயர்களுக்கு ஒரு போட்டி வைத்தால் முதல் பரிசு "ஒயின் ஷாப்"புக்குத்தான் போகும். பிராந்தி இருக்கும், ரம் இருக்கும், விஸ்கி, ஓட்கா, பீர் எல்லாம் இருக்கும். ஒயின் வேண்டும் என்று கேட்டுப் பாருங்கள். கடைக்காரர் உங்களை மேலும் கீழும் பார்ப்பார். அப்புறம் ஸ்டூல் போட்டு ஏறி, மேல் தட்டில் டியூப்லைட்டை ஒட்டி நிற்கிற ஒரு பாட்டிலை எடுத்து, தூசியை லுங்கியில் துடைத்துக் கொடுப்பார். எத்தனை வருஷமாக அங்கே நிற்கிறதோ! வெயிலும் வெளிச்சமும் பட்டால் ஒயின் கெட்டுப்போகும். கார்க் போட்ட பாட்டிலை மாசக்கணக்கில் நிற்க வைத்தால் கார்க் காய்ந்து காற்று உள்ளே போகும். அதை வாங்கிக் குடித்துவிட்டு "சே, இதுக்கா இவ்வளவு பில்டப்பு" என்று சொல்பவர்களில் பாதிப் பேர் குடித்தது ஒயினே இல்லை, விலை உயர்ந்த வினிகர்.

இது நம்ம பாண்டியில் நடப்பதுதான் வேடிக்கை. 1954 வரை பிரெஞ்சுக்காரன் ஆண்ட ஊர். இன்னும் ஜூலை 14 கொண்டாடுகிற ஊர். சொல்தா குடும்பங்கள் பாரீசுக்கும் பாண்டிக்கும் போய் வருகிற ஊர். டூரிஸ்ட் விளம்பரங்களில் மஞ்சள் சுவர், போகன்வில்லா, பக்கத்தில் ஒரு ஒயின் கிளாஸ்! அந்த கிளாஸுக்குள் இருப்பது எங்கே விளைந்தது, யார் செய்தது என்று கேட்டால் மட்டும் யாருக்கும் தெரியாது.

பிரெஞ்சுக்காரனுக்கு முன்னாடியே இந்தக் கதை ஆரம்பித்துவிட்டது. நாலைந்து கிலோமீட்டர் தெற்கே அரிக்கமேடு. 1945-ல் மார்ட்டிமர் வீலர் தோண்டினார், பிறகு பிரெஞ்சுக்காரர் கசால், அப்புறம் 1989-லிருந்து 92 வரை விமலா பெக்லி குழு. கிடைத்தவற்றில் முக்கியமானது ஆம்போரா என்கிற இரண்டு கைப்பிடி ஜாடிகளின் ஓடுகள். இத்தாலியின் கம்பானியாவிலிருந்தும் கிரேக்கத்தின் கோஸ் தீவிலிருந்தும் ஒயின் ஏற்றி வந்த ஜாடிகள். (கோஸ் தீவு ஒயினில் கடல் தண்ணீர் கலப்பார்களாம். உப்பு போட்ட ஒயின்! அதையும் நம் ஆட்கள் வாங்கியிருக்கிறார்கள்.) புறநானூற்றில் பாண்டியன் நன்மாறனை நக்கீரர் பாடும்போதும் யவனர் கொண்டு வந்த மது வருகிறது. ஆக இரண்டாயிரம் வருஷமாக நாம் ஒயின் இறக்குமதி பண்ணுகிறோம். செய்யத்தான் இல்லை.

"பாண்டி வெயிலில் என்னத்தைச் செய்யறது?" என்று கேட்பீர்கள். நியாயம்தான். ஒயினுக்கான திராட்சைக்கு இரவில் குளிர் வேண்டும். சூடான இடத்தில் பழம் மடமடவென்று இனித்துவிடும், புளிப்பு இறங்கிவிடும். புளி போடாத ரசம் எப்படி இருக்கும்? அப்படி இருக்கும் அந்த ஒயின். குளிர்ந்த இடத்தில் பழம் மெதுவாகப் பழுக்கும், வாசனை சேரும், புளிப்பும் தங்கும். அதனால்தான் நாசிக்கில் ஒயின் திராட்சை அறுவடையை குளிர்காலம் ஒட்டி ஜனவரியிலிருந்து மார்ச்சுக்குள் வைத்துக்கொள்கிறார்கள். ஐரோப்பாவில் செடி பனியில் தானாகத் தூங்கும். இங்கே தூங்காது. அதனால் வருஷத்துக்கு இரண்டு தடவை கவாத்து செய்து செடியை ஏமாற்றுகிறார்கள். பெங்களூர் பக்கம் நந்தி மலை அடிவாரத்தில் குரோவர் குடும்பம் 1988-ல் கொடி நட்டு 1992-ல் முதல் ஒயின் விட்டது. நாசிக்கில் சூலா 2000-ல்.

ஆனால் நான் சொல்ல வந்தது இந்தப் பெரிய ஆட்களைப் பற்றி இல்லை. அருணாசலப் பிரதேசத்தில் ஜிரோ என்று ஒரு பள்ளத்தாக்கு. ஐயாயிரம் அடிக்கு மேலே. அங்கே தாகே ரீட்டா தாகே என்று ஒரு வேளாண் பொறியாளர் இருக்கிறார். அந்தப் பக்கம் கிவி பழம் நன்றாக விளைகிறது. விளைந்து என்ன? வாங்க ஆள் இல்லை, ரோடு சரியில்லை, விலை இல்லை. விவசாயிகள் கிவியைக் கைவிட ஆரம்பித்தார்கள். இவர் அந்தப் பழத்தில் ஒயின் போட ஆரம்பித்து, 2017-ல் "நாரா ஆபா" என்ற பெயரில் வெளியிட்டார். மாமனாரின் நினைவாக வைத்த பெயர். ஊர்க்காரர்களின் கிவிக்கு ஊரிலேயே வாங்க ஆள் வந்தது. 2021-ம் வருஷத்துக்கான நாரி சக்தி விருது அவருக்குக் கிடைத்தது. திராட்சை இல்லை, பிரெஞ்சுக்காரன் இல்லை, கோட்டும் சூட்டும் இல்லை. குளிர் மலை, கெட்டுப்போகிற பழம், புத்தியுள்ள ஒரு ஆள். அவ்வளவுதான் மூலதனம்.

இப்போ நம் பக்கம் வருவோம். குளிர் மலை நம்மிடம் இல்லையா? கொடைக்கானலில் பேரிக்காயும் பிளம்ஸும் சீசனில் கூடை கூடையாக ரோட்டோரம் கிடக்கிறது. நீலகிரியிலும் அதே. மலைக்குக் கீழே கம்பம் பள்ளத்தாக்கில் பன்னீர் திராட்சை. நம்ம காந்தி வீதி ஞாயிற்றுக்கிழமை சந்தையில் தள்ளுவண்டியில் கறுப்பாகக் குவித்து விற்பார்களே, விதையோடு, அதேதான். 2023-ல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்த ரகத்தின் ஊர்ப் பெயர் பன்னீர், உலகப் பெயர் மஸ்கட் ஹாம்பர்க். 1832-ல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார்தான் இதைத் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்தார் என்று சொல்கிறார்கள். சாப்பிடுகிற பழம்தானே என்று ஒதுக்க வேண்டாம். சீனாவில் தியான்ஜினில் 1980-ல் பிரெஞ்சுக் கம்பெனி ரெமி மார்ட்டினோடு கூட்டு சேர்ந்து "டைனஸ்டி" என்று ஒரு ஒயின் கம்பெனி ஆரம்பித்தார்கள். அவர்கள் எடுத்துக்கொண்டது இதே மஸ்கட் ஹாம்பர்க் பழத்தை! கலிஃபோர்னியாவில் இதிலிருந்து இனிப்பு ஒயின் செய்கிறார்கள். நாம் இதை மழையில் அழுக விட்டுவிட்டு "விலை இல்லை" என்று டிவியில் பேட்டி கொடுக்கிறோம்.

ஏன் இங்கே ஒரு நாரா ஆபா வரவில்லை? என் அபிப்பிராயத்தில் பழமும் காரணம் இல்லை, குளிரும் காரணம் இல்லை. சின்ன ஆள் தன் சரக்கைப் பற்றி வாயைத் திறக்கவே இங்கே வழி இல்லை. அதுதான் காரணம்.

வெளியூர்களில் ஒரு சின்ன ஒயினரி எப்படிப் பிழைக்கிறது? வருஷத்துக்குச் சில ஆயிரம் பாட்டில்கள்தான் போடும். புது ஒயின் தயாரானதும் வாடிக்கையாளர்களுக்குக் கடிதம் எழுதும்: இந்த வருஷம் மழை இப்படி, பழம் இப்படி, இத்தனை பாட்டில் இருக்கிறது, இந்தச் சனிக்கிழமை சந்தையில் எங்கள் கடை இருக்கும், வந்து ஒரு மடக்கு ருசி பாருங்கள். பிரான்சில் நவம்பர் மூன்றாவது வியாழக்கிழமை "பொஜொலே நுவோ" வெளியாகும். ரஜினி படம் ரிலீஸ் மாதிரி! முதல் நாள் முதல் காட்சிக்கு நாம் நிற்கிற மாதிரி அவர்கள் ஒயினுக்கு நிற்கிறார்கள். ஒவ்வொரு வருஷமும் ருசி மாறும், அதில்தான் சுவாரசியம். பிராந்தி போன வருஷமும் அதே ருசி, அடுத்த வருஷமும் அதே ருசி.

நம் ஊர்ச் சட்டத்தைப் பாருங்கள். மது மாநிலப் பட்டியலில் வருகிறது. ஜிஎஸ்டிக்கும் வெளியே. ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்குப் போனால் புது வரி, புது அனுமதி, ஒவ்வொரு லேபிளுக்கும் தனித்தனிப் பதிவு. லட்சம் பெட்டி விற்கிற கம்பெனிக்கு இந்தக் கட்டணம் டீச்செலவு. ஐந்நூறு பாட்டில் போடுகிறவருக்கு அதுவே மொத்த லாபம். விளம்பரமும் கூடாது. பெரிய கம்பெனிகள் அதற்கு ஒரு குறுக்குவழி வைத்திருக்கின்றன. அதே பெயரில் சோடா, அதே பெயரில் மியூசிக் சிடி! கொடைக்கானல் பேரிக்காய் ஒயின்காரர் சோடா கம்பெனிக்கு எங்கே போவார்? தமிழ்நாட்டில் 2003-லிருந்து சில்லறை விற்பனை முழுக்க டாஸ்மாக் கையில். தோட்டத்து வாசலில் நின்று அவரே ஒரு பாட்டில் விற்க முடியாது.

மற்ற மாநிலங்கள் கொஞ்சம் யோசித்திருக்கின்றன. மகாராஷ்டிரா 2001-லேயே திராட்சைப் பதப்படுத்தலுக்குத் தனிக் கொள்கை போட்டு ஒயினுக்குக் கலால் சலுகை தந்தது. கர்நாடகா 2007-ல் தனிக் கொள்கை, ஒயினுக்கென்றே ஒரு வாரியம், ஒயின் திருவிழாக்கள். கேரளா 2022-ல் பழ ஒயின் செய்யும் சின்ன ஆட்களுக்காகவே விதிகள் கொண்டுவந்தது. இன்னொரு பக்கம், 2022 டிசம்பரிலிருந்து ஆஸ்திரேலிய ஒயினுக்கு இறக்குமதித் தீர்வை குறைந்துவிட்டது. 150 சதவீதம் இருந்தது. இப்போது விலை உயர்ந்த பாட்டில்களுக்குப் பாதியாகி, பத்து வருஷத்தில் 25 சதவீதத்துக்கு இறங்கப் போகிறது. அதாவது அடிலெய்டில் செய்த ஒயின் பாண்டிக்கு வருவது வருஷா வருஷம் சுலபமாகிறது. கம்பத்தில் செய்தால் வருவது அப்படியே கஷ்டம். அரிக்கமேடு பார்ட் டூ :-)

சரி, எதிர்ப்பக்கம். "ஏற்கெனவே ஊர் குடியில் நாசமாய்ப் போகுது, இதில் நீ வேறயா?" இதை யார் கேட்டாலும் எனக்குக் கோபம் வராது. எங்கள் தெருவிலேயே மூன்று வீடு சொல்ல முடியும். 2023 மே மாதம் இங்கிருந்து ஒரு மணி நேரத் தூரத்தில் மரக்காணம் பக்கம் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து மீனவக் குப்பத்தில் செத்தார்கள். அடுத்த வருஷம் ஜூனில் கள்ளக்குறிச்சி, அறுபது பேருக்கு மேல். அந்தக் குடும்பங்களின் முன்னால் போய் நின்று ஒயின் ருசி பற்றிப் பேச எனக்கு வாய் வராது.

ஆனால் ஒன்று கேட்கிறேன். அவர்களைக் கொன்றது எது? கசப்பை வாயில் தங்க விடாமல் ஒரே மடக்கில் ஊற்றிக்கொண்டு ஊறுகாயை நக்குகிற குடி. நம் கடைகளில் ஓடுவதெல்லாம் அதற்கென்றே செய்த சரக்குதான். 42.8 சதவீத ஆல்கஹால், பெரும்பாலும் சர்க்கரை ஆலைக் கழிவுப்பாகிலிருந்து. எந்தப் பழ விவசாயிக்கும் அதில் ஒரு பைசா கிடையாது. ஒயின் 12, 13 சதவீதம். விலைக்கு போதை என்று கணக்குப் போட்டால் குடிகாரருக்குக் கட்டவே கட்டாது. ஒயினில் குடிப்பழக்கம் வராது என்று நான் சொல்லவில்லை, பிரான்சிலும் கல்லீரல் கெட்டுச் சாகிறார்கள். இரண்டையும் ஒரே கம்பிவலைக்குப் பின்னால் வைத்து, ஒரே மாதிரி அவமானத்தோடு, பேப்பரில் சுருட்டிக் கொடுப்பதைத்தான் தவறு என்கிறேன்.

மகாராஷ்டிராவில் 2022-ல் சூப்பர் மார்க்கெட்டில் ஒயின் விற்கலாம் என்று அமைச்சரவை முடிவெடுத்தது. அண்ணா ஹசாரே உண்ணாவிரதம் என்றார், பெரிய ரகளையாகி அப்படியே நின்றுபோனது. இதில் நான் ஹசாரே பக்கம். பருப்பு, சோப்பு, பிஸ்கட்டுக்குப் பக்கத்தில் ஒயின் வேண்டாம். நான் கேட்பது அதைவிட ரொம்பச் சின்னது. செய்தவரே நேரில் வந்து விற்க வேண்டும். இடையில் கடை கிடையாது. வருஷத்துக்கு இத்தனை பாட்டில்தான் என்று வரம்பு. அந்த வரம்புக்குள் இருப்பவருக்கு லேபிள் கட்டணத்தில் விலக்கு. ஆளுக்கு இரண்டு பாட்டில். பழம் எந்த ஊர், எந்தத் தோட்டம், எந்த மாதம் பறித்தது என்று லேபிளில் தமிழில் இருக்க வேண்டும்.

பாண்டியால் இது முடியும். 1970-லிருந்தே நமக்கென்று தனிக் கலால் சட்டம் இருக்கிறது, விதி திருத்த சென்னையைக் கேட்க வேண்டியதில்லை. சாராயக் கடையையும் கள்ளுக்கடையையும் ஏலம் விட்டு நடத்துகிற அரசாங்கம் இது. தமிழ்நாட்டில் 1987-ல் நிறுத்திய கள்ளு இங்கே இன்னும் மரத்திலிருந்து இறங்கிக் கடைக்கு வருகிறது. கள்ளுக்கு உள்ள மரியாதை பேரிக்காய்க்கு ஏன் இல்லை?

இடம் கூட யோசித்து வைத்திருக்கிறேன். கடற்கரைச் சாலைப் பக்கம் பழைய சாராய ஆலை இருந்த இடம். மழை ஓய்ந்து ஜனவரியில் சுற்றுலாக் கூட்டம் இருக்கும்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை. கம்பத்திலிருந்து நாலு பேர், கொடைக்கானலிலிருந்து இரண்டு பேர், ஜிரோவுக்கும் ஒரு அழைப்பு. மேஜைக்குப் பின்னால் தோட்டக்காரரே நிற்கட்டும். பிளம்ஸ் ஒயின் ஏன் இந்த வருஷம் துவர்க்கிறது என்று யாராவது அவரைக் கேட்கட்டும், அவர் தன் மலையில் பெய்த மழையைப் பற்றிப் பேசட்டும். குடிக்காதவர்களுக்கு அதே பழத்தின் ஜூஸ்.

கலால் துறையில் வேலை பார்க்கிற யாருடைய அப்பாவாவது, மாமாவாவது இதைப் படித்தால், அந்த லேபிள் கட்டண விலக்கை மட்டும் முதலில் பாருங்கள் சார். மற்றதெல்லாம் அப்புறம் பேசிக்கொள்ளலாம்.