பாதித் தொலைவு போதாது

2021ஆம் ஆண்டு ஜூலை மாதம் டோக்கியோ ஒலிம்பிக்கில் மகளிர் எண்மர் படகுப் போட்டியின் இறுதிச் சுற்று நடைபெற்றது. கனடா அணி 2000 மீட்டர் தொலைவை 5 நிமிடம் 59.13 நொடியில் கடந்து தங்கம் வென்றது. நியூசிலாந்து அணி ஒரு நொடிக்கும் குறைவான இடைவெளியில் இரண்டாமிடம் பெற்றது. 1992ஆம் ஆண்டு பார்சிலோனாவில் வென்ற கனடா, இப்போட்டியில் மீண்டும் தங்கம் பெற 29 ஆண்டுகள் ஆயின. இவ்வெற்றியைக் கண்டோருள் பலர், ஒரு காலத்தில் ஒலிம்பிக்கில் பெண்கள் இம்முழுத் தொலைவையும் கடக்க விதியே இடம் தரவில்லை என்பதை அறியமாட்டார்கள்.

எட்டுத் துடுப்பும் ஒரே வீச்சும்

எண்மர் படகு ஏறத்தாழ 18 மீட்டர் நீளமுடையது. வீராங்கனையர் எண்மரும் ஆளுக்கொரு துடுப்பைப் பற்றி, ஒவ்வொரு புறமும் நால்வராகத் துடுப்பிடுவர். அவர்கள் படகு செல்லும் திசைக்கு முதுகு காட்டியே அமர்ந்திருப்பர். ஒன்பதாமவராகிய சுக்கானி ஒருவரே முன்னோக்கி அமர்ந்து வழிநடத்துவார். இருக்கைகள் சிறு சக்கரங்களின்மேல் முன்னும் பின்னும் நகரும். ஆதலால் படகை உந்தும் ஆற்றலில் பெரும்பகுதி கால்களிலிருந்தே பிறக்கிறது. ஒருவர் மட்டும் முந்தித் துடுப்பிட்டாலும் படகு தள்ளாடி வேகம் குறையும். எனவே தனியொருவரின் வலிமை மட்டும் வெற்றி தருவதில்லை; எட்டுத் துடுப்புகளும் ஒரே கணத்தில் நீரில் இறங்கி எழும் ஒழுங்கே வெற்றி தருகிறது.

வெட்டப்பட்ட பிற்பாதி

ஆண்களுக்கான படகுப் போட்டிகள் 1900ஆம் ஆண்டிலேயே ஒலிம்பிக்கில் இடம்பெற்றன. பெண்களோ 1976ஆம் ஆண்டு மாண்ட்ரியல் ஒலிம்பிக் வரை காத்திருக்க நேர்ந்தது. இடம் கிடைத்தபோதும், ஆண்களுக்கு 2000 மீட்டர், பெண்களுக்கு 1000 மீட்டர் என்றே விதிக்கப்பட்டது. பெண்களின் வலிமை குறித்த ஐயமே இவ்விதியில் வெளிப்பட்டது. பாதித் தொலைவு என்பது ஒரு சலுகையன்று. மூச்சு வாங்கும் வேளையிலும் தளராமல் துடுப்பிடும் திறம் வெளிப்படுவது போட்டியின் பிற்பாதியில்தான். அப்பிற்பாதியே பெண்களுக்கு மறுக்கப்பட்டது. 1988ஆம் ஆண்டு சியோல் ஒலிம்பிக்கில் தொலைவு சமமாயிற்று. டோக்கியோவில் ஆடவருக்கு ஏழு, மகளிருக்கு ஏழு எனப் போட்டிகளின் எண்ணிக்கையும் சமமாயிற்று. ஐயம் பொய்யானது, விதி மாறியது.

விதி மாறினால் போதுமா?

2000ஆம் ஆண்டு சிட்னி முதல் 2024ஆம் ஆண்டு பாரிஸ் வரை, ஒலிம்பிக் படகோட்டத்தில் இந்தியாவின் சார்பில் களமிறங்கிய அனைவரும் ஆண்களே. பெண்களிடம் திறமை இல்லை என்பது இதற்குக் காரணமாகாது. 2010ஆம் ஆண்டு குவாங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் ஒடிசாவைச் சேர்ந்த பிரதிமா புஹானா, பிரமிளா பிரவா மின்ஸ் ஆகியோர் இருவர் படகில் வெண்கலம் வென்றனர்.

அதே போட்டியில் தங்கம் வென்ற பஜ்ரங் லால் தாக்கர், வறண்ட ராஜஸ்தானில் பிறந்தவர். 2016ஆம் ஆண்டு ரியோ ஒலிம்பிக்கில் பங்கேற்ற தத்து போகனல், மகாராஷ்டிரத்தின் வறட்சிப் பகுதியிலிருந்து வந்தவர். இருவரும் இராணுவத்தில் சேர்ந்த பின்னரே துடுப்பைப் பிடித்தனர். இராணுவம் அவர்களுக்குப் படகும் பயிற்சியும் ஊதியமும் அளித்தது. ஏரியைக் காணாத ஊர் இளைஞரையும் வீரராக்கிய அக்கதவு, பெரிதும் ஆண்களுக்கே திறந்திருந்தது. பெண்களுக்கு அத்தகைய கதவு அதே அகலத்தில் திறக்கப்படவில்லை என்பதே உண்மை.

பதக்கம் வரட்டும், அதன்பின் செலவு செய்வோம் என்று கூறுவோர் உளர். படகின் விலை மிகுதி என்பதும் மறுக்கத்தக்கதன்று. ஆனால் நீந்தத் தெரிந்த பின்னரே நீரில் இறங்க வேண்டும் என்று சொன்னால், எவரும் ஒருநாளும் நீந்தப் போவதில்லை. ஓர் எண்மர் படகில் ஒரே நேரத்தில் ஒன்பது மாணவியர் பயிற்சி பெறலாம். முறைவைத்துப் பயன்படுத்தினால் பல பள்ளிகளுக்கு ஒரு படகே போதும். போபால், சண்டிகர், ஐதராபாத் போன்ற ஏரி நகரங்களில் இத்தகைய பயிற்சியைத் தொடங்குதல் அரிதன்று.

‘பெண்ணுக்கு இவ்வளவு போதும்’ என்னும் சொல் படகுத்துறையில் மட்டும் ஒலிப்பதன்று. விளையாட்டுத் திடலிலும், மேற்படிப்பைப் பற்றிப் பேசும் வீட்டுத் திண்ணையிலும் அது ஒலிக்கிறது. எவ்வளவு போதும் என்பதைப் பிறர் அளந்து கூறுதல் முறையன்று. முழுத் தொலைவையும் முயன்று பார்த்தபின், அதை அப்பெண்ணே கூற வேண்டும். அதற்கு முதலில் அவள் கையில் துடுப்பைக் கொடுத்தல் வேண்டும்.