பில் கட்ட ஒரு பேரை இழப்பதா?



காசல்ரீ, நோட்டன் அணைகளின் தண்ணீரில்தான் 1950 முதல் பழைய லக்சபானவும் 1965 முதல் விமலசுரேந்திரவும் ஓடுகின்றன. நாட்டுக்கு வெளிச்சம் கொடுக்கும் இந்த மலையில், கரண்ட் பில் கட்ட நாம் ஒரு நாள் வேலையை விடவேண்டியிருக்கிறது!

"கட்டுவதற்கா வழியில்லை?" என்கிறார்கள். மின்சாரக் கட்டணக் கருமபீடம், தபாலகம், வங்கி, கைபேசி எல்லாம் இருக்கின்றன. ஆனால் கருமபீடம் திறந்திருக்கும்போது நாம் மலையில் கொழுந்து பறிக்கிறோம். டவுனுக்குப் போனால் பஸ் காசும் போகும், அன்றைய பேரும் போகும். கைபேசியில் கட்ட சிக்னலும் சொல்லிக்கொடுக்க ஒரு பிள்ளையும் வேண்டும்.

2022 ஆகஸ்டுக்கு முன் மாதம் 30 அலகு எரித்த வீட்டுக்கு பில் 105 ரூபா. 2023 பெப்ரவரியில் அதே 30 அலகுக்கு 1,300 ரூபா. அன்று நமது நாட்சம்பளம் 1,000 ரூபா. கட்டணம் பிறகு குறைந்தது; அலைச்சல் குறையவில்லை. பில்லுக்கு ஒரு நாள் கூலி, அதைக் கட்டப் போக இன்னொரு நாள் கூலியா?

நாம் கேட்பது சலுகையல்ல, நியாயம்:

சம்பள நாளில் பெரட்டுக்களத்துக்கே வந்து பணம் வாங்கி, கையோடு ரசீது கொடுங்கள்.

எங்கள் சம்மதமின்றி செக்ரோலில் பிடிக்காதீர்கள்.

தமிழில் அறிவித்தல் தராமல் இணைப்பைத் துண்டிக்காதீர்கள்.

அதுவரை லயத்துக்கு ஒருவர் முறைபோட்டுப் போய் எல்லோருடைய பில்லையும் கட்டுவோம். கணக்கு இலக்கத்தைச் சரிபார்த்து, ரசீதைப் பத்திரப்படுத்துவோம். தோட்டத் தலைவர், தலைவிமாரே, லயம் லயமாகக் கையொப்பம் திரட்டுங்கள். ஒருவராய்ப் போனால் வரிசையில் நிற்போம். ஒன்றாய்ப் போனால் வரிசை நம்மிடம் வரும்!