மொய் நோட்டும் சாட்சிதான்

விருத்தாசலத்தை அடுத்த மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயிலில் பிராது கட்டுகிறவர்கள் தங்கள் பெயர், ஊர், குறை எல்லாவற்றையும் காகிதத்தில் எழுதிக் கட்டுகிறார்கள். அடுத்தவர் குறையைப் பார்த்து யாரும் நகலெடுப்பதில்லை. ஆனால், ஆஸ்திரேலியாவில் வேலை பார்க்கும் மாப்பிள்ளைக்குக் கழுத்தை நீட்டிய பெண், துணைவர் விசாவுக்காக உறவு வாக்குமூலம் எழுத உட்காரும்போது மட்டும் ஏஜென்ட் தரும் மாதிரிப் பக்கத்தை நம்புகிறார். பெயரை மாற்றினால் அந்தப் பக்கம் எந்த ஊர்த் தம்பதிக்கும் பொருந்தும். கோளாறே அதுதான்.

அந்நாட்டின் 1994ஆம் ஆண்டு குடிபெயர்வு விதிமுறைகள் நான்கு விஷயங்களைப் பார்க்கச் சொல்கின்றன: வரவு செலவு, குடித்தனம், ஊரும் உறவும் இவர்களைத் தம்பதியாக ஏற்ற விதம், ஒருவருக்கொருவர் உள்ள பிடிப்பு. நம் கல்யாணங்களில் முதல் இரண்டும் இடிக்கும். மாப்பிள்ளைக்குக் கிடைப்பதோ சில வார லீவு. மறுவீடு, குலதெய்வம் கோயில் முடிந்ததும் விமானம் ஏறிவிடுகிறார். வாடகை ஒப்பந்தத்துக்கு எங்கே போவது?

இந்தப் பயத்தில்தான் பலர் இல்லாத காதல் கதையைச் சேர்க்கிறார்கள். தேவையே இல்லை. 1958ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டத்தின் 5எஃப் பிரிவு, உறவு உண்மையானதாக, தொடர்வதாக இருந்து, தம்பதி நிரந்தரமாகப் பிரிந்து வாழாமல் இருந்தால் ஏற்கிறது. வேலைக்காகக் கடல் கடந்து இருப்பது பிரிவு ஆகாது. பொய்த் தகவலோ போலி ஆவணமோ பிடிபட்டால், 3 ஆண்டுகளுக்கு விசா மறுக்கப்படலாம்.

மூன்றாவது விஷயத்தில் நம்மை அடித்துக்கொள்ள ஆளில்லை. யார் யார் வந்தார்கள் என்று ஊர் பேரோடு எழுதிய மொய் நோட்டைவிட வலுவான சாட்சிப் பட்டியல் வேறு என்ன? பத்திரிகை, மண்டப ரசீது, தலை தீபாவளிக்கு வந்துபோன டிக்கெட், மாமியாருக்கு ஆஸ்பத்திரியில் துணை இருந்தது, எல்லாவற்றையும் தேதியோடு எழுதலாம். விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டையில் அகல் விளக்கு செய்யும் சித்தப்பா, பெண் பார்க்க வந்த நாளில் கண்டதை நாலு வரி எழுதினால், மாதிரிப் பக்கத்தின் நாற்பது வரிக்கு மேல். ஆஸ்திரேலியக் குடிமக்கள் அல்லது நிரந்தர வசிப்புரிமை பெற்றவர்கள் உறவுக்குச் சாட்சியாகத் தரும் 888 படிவம் தனி. அதற்குச் சித்தப்பா எழுதுவது மாற்று அல்ல. ரேஷன் அட்டையில் பெண் இன்னும் அப்பா வீட்டில்தான் இருக்கிறார், இனிஷியல் மாறவில்லை என்றால், அதையும் மறைக்காமல் காரணத்தோடு சொல்லிவிடுவது நல்லது.

இத்தகைய திருமணங்கள் மீது குடிவரவு அதிகாரிகளுக்கு உள்ள சந்தேகம் புதிதல்ல, ஆஸ்திரேலியாவோடு நிற்பதும் அல்ல என்பது உண்மை. 1979இல் லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தில், திருமணத்துக்காக வந்திறங்கிய இந்தியப் பெண்ணுக்குக் கன்னித்தன்மைப் பரிசோதனை செய்தார்கள். திருமணத்தின் முதன்மை நோக்கம் குடியேற்றம் அல்ல என்று தம்பதியையே நிரூபிக்கச் சொன்ன பிரிட்டன் விதி 1997 வரை நீடித்தது. கோபப்பட நியாயம் உண்டு; விண்ணப்பத்தில் அந்தக் கோபத்தைக் காட்டிப் பயனில்லை.

நம் பக்கம் ஒரு அலட்சியம் உண்டு. தமிழ்நாட்டில் 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி எல்லாத் திருமணங்களும் பதிவாக வேண்டும். கெடு 90 நாள். விசா பேச்சு வந்த பிறகே பலர் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு ஓடுகிறார்கள்.

வாக்குமூலத்தை முதலில் தமிழில், நீங்களே எழுதுங்கள். பிறகு மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்து, அவருடைய பெயர், முகவரி, தகுதியோடு கையெழுத்து வாங்குங்கள். கணவரும் மனைவியும் எழுதியதில் தேதிகள் ஒத்துப்போகின்றனவா என்று சரிபாருங்கள். படித்துப் பார்க்காத தாளில் நோட்டரி முன் கையெழுத்துப் போடாதீர்கள்.