நிலத்தின் மேற்பரப்பே ஏடு

பூர்வ சரித்திர ஆராய்ச்சி என்றவுடன் ஆழக் குழி தோண்டுவதே பலர் நினைவுக்கு வருகிறது. ஆயினும் 1863-ஆம் ஆண்டு பல்லாவரத்தில் நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் ஆதிமனிதனின் கற்கருவியைக் கண்டெடுத்தது, அகழாய்வு நடத்தி அன்று, நிலவியல் பணியாளருக்குரிய பொறுமையோடு சரளையைக் கூர்ந்து நோக்கியமையால்தான். பயிரற்ற உழவு நிலத்தில் சிலர் சம இடைவெளி விட்டு வரிசையாக நடந்து, கண்ணிற்படும் கற்சில்லையும் ஓட்டுத் துண்டையும் இடம் குறித்துப் பதிந்து, எங்கே அவை செறிந்தன, எங்கே அருகின, எங்கே அறவே இல்லை என்பதையும் ஒருங்கே எழுதி வைப்பதே மேற்பரப்பாய்வு. இல்லாமையைப் பதிவதும் அதில் பாதிப் பயன். உழவும் மழைநீரும் பொருள்களை இடம் பெயர்க்கும் என்பது உண்மையே. அதை எடைபோட்டுக் கணிப்பதே ஆய்வாளன் திறமை.

பெரம்பலூர், அரியலூர்ப் பகுதிகளில் இப்பணி இனியும் தாமதிக்கலாகாது. அங்குள்ள சாத்தனூரில் கல்லாய்ச் சமைந்த பதினெட்டு மீட்டர் மரத்துக்கு வேலியிட்டுக் காக்கிறோம், மிக்க நன்று. ஆனால் அதே பகுதிகளில் சிமெண்டுக்காகச் சுண்ணாம்புக்கல் வெட்டும்போது முதலில் அகற்றப்படுவது மேல்மண்ணே, அம்மண்ணில் மானிடச் சுவடு ஏதேனும் இருப்பின் அதுவும் அதனோடு அழிந்துபோம். ஆகவே, சுரங்கத்துக்கு உத்தரவளிக்குமுன் அந்நிலம் முழுவதையும் நடந்து ஆராய்ந்து வரைபடமாக்குவதை அரசாங்கம் நிபந்தனையாக்க வேண்டும்.