பாடமாக்கின அபிப்பிராயம்

நோர்வேயில் மொழிச் சோதனைக்குப் படிக்கிற எங்கட ஆக்களிடம் ஒரு கொப்பி கைமாறிக்கொண்டே இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் கைத்தொலைபேசி, சுற்றுச்சூழல், பகுதிநேர வேலை என்று தலைப்புக்கு ஒரு கட்டுரை. கூடவே ஒரு அறிவுரையும் வரும்: "யோசிக்காதை, பாடமாக்கு." நானும் பாடமாக்கினேன். இப்போது அந்தக் கொப்பிக்கு எதிராகத்தான் எழுதுகிறேன்.

நொர்ஸ்க்பிரோவன் என்ற அந்தச் சோதனையில் வாசிப்பு, கேட்டல், எழுத்து, பேச்சு என நாலு பகுதி. குடியுரிமைக்கு 2022 ஒக்டோபரிலிருந்து பொதுவாகப் பேச்சில் பி1 வேண்டும். எழுத்தை அதற்குக் கேட்பதில்லை. எழுத்தைக் கேட்பவர்கள் வேலை கொடுப்பவர்களும் மேற்படிப்பு இடங்களும். பி2 இல்லாவிட்டால் பல இடங்களில் விண்ணப்பத்தைத் திறந்தும் பார்க்கமாட்டார்கள். அந்தப் பயத்தில்தான் கொப்பி ஓடுகிறது.

எனக்கு முதியோர் பராமரிப்பு இல்லத்தில் இரவு வேலை. சோதனையில் எனக்கு வந்த தலைப்பு என்ன தெரியுமா? வயதானவர்கள் வீட்டிலேயே இருப்பது நல்லதா, இல்லத்துக்குப் போவது நல்லதா! அந்த மண்டபத்தில் இதைப் பற்றி என்னளவு தெரிந்தவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? நான் எழுதியதோ ‘போ தென் ஏனே சீதன்’, ‘போ தென் அன்ரே சீதன்’. ஒரு பக்கம் நன்மை, மறுபக்கம் தீமை, கடைசியில் இரண்டும் அளவோடு வேண்டும். கைத்தொலைபேசிக் கட்டுரையில் சொற்களை மட்டும் மாத்திப் போட்டேன். பசுவைப் படித்துவிட்டுப் போனவன் தென்னை மரத்தைக் கேட்டதும் பசுவை அதில் கட்டிவிட்ட பழைய கதைதான். விடியப்புறம் நாலு மணிக்குக் கோட்டைப் போட்டுக்கொண்டு, "வீட்டுக்குப் போகவேணும்" என்று கதவடியில் நிற்கிற கிழவியைப் பற்றி ஒரு வரி இல்லை. பி1 வந்தது. நியாயமான முடிவு.

"இலக்கணம் பிழைச்சால்?" என்று கேட்பீர்கள். கொப்பி அதற்கும் உதவாது. தமிழில் வினை கடைசியில் வரும். நொர்ஸ்கில் சாதாரண வாக்கியத்தில் இரண்டாம் இடம் அதற்கு. ‘இன்று’ என்று தொடங்கினால் ‘போகிறேன்’ முந்தும், ‘நான்’ பிந்தும்: ‘இ தாக் கோர் யெய்’. ‘ஏனென்றால்’ என்று ஒரு துணை வாக்கியம் வந்தால் ‘இக்கே’ என்ற ‘இல்லை’ வினைக்கு முன்னால் போய் நிற்கும். பாடமாக்கின வாக்கியத்தில் எல்லாம் சரியாக இருக்கும். முதலில் நிற்கிற சொல்லை மாத்தினால் போதும், சறுக்கும். சொந்தமாக எழுதி, பிழைவிட்டு, திருத்தினால்தான் கை பழகும். நோர்வேக்காரரே பிழை விடுகிறார்கள். ‘லம்மெகொத்தலெத்தர்’ ஆட்டுக்குட்டி இறைச்சித் துண்டு. அதைப் பிரித்து எழுதினால் பாரிசவாதம் வந்த இறைச்சித் துண்டு! அதைச் சொல்லிச் சிரிப்பவர்களும் அவர்கள்தான்.

இரண்டு வேலை செய்கிறவர்களுக்கு இது சொகுசுப் பேச்சு என்று ஒரு அண்ணை என்னைப் பேசினார். அவர் களைப்பு எனக்கும் தெரியும். ‘ஆகவே’, ‘ஆனாலும்’ போன்ற இணைப்புச் சொற்களைத் தாராளமாகப் பாடமாக்குங்கள், அவை கருவிகள். அபிப்பிராயத்தைப் பாடமாக்காதீர்கள். வேலையிடத்தில் சம்பளம் பிழைத்தால், பிள்ளையின் பள்ளிக்கூடத்தில் அநியாயம் நடந்தால் எந்தக் கொப்பியில் கட்டுரை இருக்கு? மகளைக் கூப்பிட்டு எழுதச் சொல்லுவோம். அவள் கேட்பாள்: "அம்மா, நீங்கள் என்ன சொல்ல வாறீங்கள்?" அந்தக் கேள்வியைத்தான் சோதனையும் கேட்கிறது. நாங்கள் அதற்குத்தான் பதில் பழகவில்லை.

இவ்வளவுக்கும் நான் ஒவ்வொரு இரவும் நொர்ஸ்கில் எழுதுகிறவள். "இரவு சாப்பிடவில்லை. இடது காலில் வீக்கம். வலி இருக்கிறது என்று நினைக்கிறேன்." வேலை முடியமுன் கணினியில் பதிந்துவிட்டு வருவேன். காலையில் தாதி அதை வாசித்துவிட்டு வைத்தியரைக் கூப்பிடுகிறார். அதில் பிழைகள் இருக்கும். ஆனால் ‘நினைக்கிறேன்’ என்று நான் எழுதினால், நினைத்தது நான்தான்.

அடுத்த முறையும் சோதனைக்குப் போகிறேன். கொப்பியைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.