சந்தா போட முடியாத தெருக்களுக்காக

தி.நகர், மயிலாப்பூர், அடையாறு குடியிருப்போர் சங்கங்களின் பெரியவர்களுக்கும், என்னோடு படித்து இன்று அந்தச் சங்கங்களில் பொறுப்பு வகிக்கும் நண்பர்களுக்கும்,

சிங்கப்பூரிலிருந்து எழுதுகிறேன். உஸ்மான் சாலைக்குப் பின்னால் பிறந்து வளர்ந்து, கல்யாணத்துக்குப் பிறகு இங்கே வந்தவள் நான். அம்மா இன்னும் அதே வீட்டில்தான் இருக்கிறாள். அதனால் ஊரோடு எனக்குள்ள தொடர்பு விட்டுப்போகவில்லை. உங்களிடம் ஒன்று கேட்கவே இந்த மடல். சர்க்கரை நோயும் மாரடைப்பும் வராமல் தடுக்க அரசு செலவழிக்கும் பணம் நம் பக்கத்தில் எந்தத் தெருவுக்குப் போய்ச் சேர வேண்டும் என்று நீங்கள் வாய் திறந்து சொல்ல வேண்டும்.

ஏன் இதைக் கேட்கிறேன் என்பதற்கு நம் ஊரிலேயே நடந்த ஓர் ஆய்வு இருக்கிறது. 1996-97இல் டாக்டர் வி. மோகனின் குழு சென்னையில் இரண்டு குடியிருப்புகளை எடுத்துக்கொண்டு, அங்கே வசித்தவர்களின் ரத்தத்தைப் பரிசோதித்தது. ஒன்று திருமங்கலத்தில் இருக்கும் ஆசியாட் காலனி. நடுத்தர வருமானக்காரர்கள், மாதச் சம்பளக்காரர்கள் இருக்கும் இடம். இன்னொன்று நம் தி.நகரின் பாரதி நகர், குறைந்த வருமானக் குடும்பங்கள் வசிக்கும் இடம். அன்றைக்கு ஆசியாட் காலனியில் பெரியவர்களில் 12.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை இருந்தது. பாரதி நகரில் 6.5 சதவீதம். கிட்டத்தட்டப் பாதி. ‘சுகர் பணக்கார வியாதி’ என்று நம் வீடுகளில் பேசிக்கொண்டது அந்தக் காலக் கணக்குக்குச் சரியாகத்தான் இருந்தது.

அதன் பிறகு நடந்ததுதான் முக்கியம். ஆய்வுக் குழுவினர் முடிவுகளை ஆசியாட் காலனிக்காரர்களிடம் எடுத்துச் சொன்னார்கள். உடற்பயிற்சி ஏன் வேண்டும் என்று கூட்டம் போட்டுப் பேசினார்கள். காலனி மக்கள் கேட்டுக்கொண்டதோடு நிற்கவில்லை. தங்களுக்குள் பணம் திரட்டி ஒரு பூங்காவையே கட்டிவிட்டார்கள். வாரத்துக்கு மூன்று தடவைக்கு மேல் உடற்பயிற்சி செய்கிறவர்கள் அங்கே 14.2 சதவீதமாக இருந்தார்கள். அடுத்த சில ஆண்டுகளில் அது 58.7 சதவீதமாக உயர்ந்தது. ஊசி மருந்து எதுவும் இல்லை. நடக்க ஓர் இடம் கிடைத்தது, அவ்வளவுதான். நம் ஊர் நோய்த் தடுப்பு வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த பக்கம் இது.

பத்து ஆண்டுகள் கழித்து இரண்டு இடங்களையும் மறுபடி அளந்தார்கள். ஆசியாட் காலனியில் சர்க்கரை 15.4 சதவீதம். பாரதி நகரில் 15.3. நடுத்தரக் குடும்பங்களிடம் நோய் கொஞ்சம் கூடியது. ஏழைக் குடும்பங்களிடம் இரண்டு மடங்குக்கு மேல் ஏறி, பக்கத்தில் வந்து நின்றுவிட்டது.

இதைப் படித்த நாளிலிருந்து என் மனசு ஆறவில்லை. பாரதி நகர் யார்? நம் வீட்டுப் பாத்திரம் தேய்க்க வரும் அக்காவும், ரங்கநாதன் தெருக் கடைகளில் காலையிலிருந்து ராத்திரி வரை நின்றுகொண்டே வேலை பார்க்கும் பிள்ளைகளும், நம் தெருமுனையில் ஆட்டோவை நிறுத்திக் காத்திருக்கும் அண்ணனும் வசிப்பது அந்த மாதிரிக் குடியிருப்புகளில்தான். உடம்பால் உழைக்கிறவர்களுக்குச் சர்க்கரை வராது என்று இன்னும் நம்புகிறோம். ஆனால் அவர்கள் வேலையும் மாறிவிட்டது, சாப்பாடும் மாறிவிட்டது. பன்னிரண்டு மணி நேர ஷிப்டில் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் வாட்ச்மேனுக்கு எங்கே உழைப்பு? மூன்று வேளையும் பாலிஷ் போட்ட வெள்ளை அரிசி, நடுவில் சர்க்கரை தூக்கலாகப் போட்ட டீ, பசித்தால் இரண்டு ரூபாய் பிஸ்கட். வயிறு நிறைந்துவிடும். ரத்தத்தில் சர்க்கரையும் ஏறிவிடும். வேலை முடிந்து நடக்கலாமென்றால், தெருவில் கால் வைக்க இடமில்லாமல் பைக்குகள் நிற்கும்.

அரசு சும்மா இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. 2020இல் தமிழ்நாடு முழுக்க எடுத்த கணக்கெடுப்பில் பெரியவர்களில் 33.9 சதவீதம் பேருக்கு ரத்த அழுத்தமும் 17.6 சதவீதம் பேருக்குச் சர்க்கரையும் இருந்தன. அவர்களில் அழுத்தம் கட்டுக்குள் இருந்தவர்கள் வெறும் 7.3 சதவீதம், சர்க்கரை கட்டுக்குள் இருந்தவர்கள் 10.8 சதவீதம். அடுத்த ஆண்டே, 2021 ஆகஸ்ட் 5 அன்று, கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தொடங்கியது. மாத்திரை வாங்க ஒருநாள் கூலியை விட்டுவிட்டு வரிசையில் நிற்க முடியாதவர்களின் வாசலுக்கே மாத்திரை போகிறது. ஐ.நா. அமைப்பு 2024இல் அதற்கு விருது கொடுத்தபோது இங்கே அலுவலகத்தில் எல்லோரிடமும் சொல்லிப் பெருமைப்பட்டேன். அதற்கு முந்தைய ஆண்டு வந்த ‘இதயம் காப்போம்’ திட்டத்தால், நெஞ்சுவலியோடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஓடி வருகிறவருக்கு முதல் மாத்திரைகளை அங்கேயே கொடுத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறார்கள். இதனால் பிழைத்தவர்கள் உண்டு.

ஆனால் இவை வந்துவிட்ட நோயைப் பார்த்துக்கொள்ளும் ஏற்பாடுகள். நோய் வரும் வழியிலேயே நிற்பவர்கள் இன்னும் அதிகம். ஐ.சி.எம்.ஆர். நடத்திய நாடு தழுவிய ஆய்வு 2023இல் வெளியானபோது, இந்தியாவில் சர்க்கரை உள்ளவர்கள் 10.1 கோடி, அதன் வாசற்படியில் இருப்பவர்கள் 13.6 கோடி என்றது. வாசற்படியில் நிற்பவரைத் திருப்பி அனுப்ப முடியுமா? முடியும் என்று காட்டியதும் நம் சென்னைதான். டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழு அந்த நிலையில் இருந்த 531 பேரை எடுத்து மூன்று ஆண்டு தொடர்ந்து பார்த்து, 2006இல் முடிவை வெளியிட்டது. சிறப்பு ஆலோசனையோ மாத்திரையோ இல்லாமல் விட்டவர்களில் 55 சதவீதம் பேர் சர்க்கரை நோயாளிகளானார்கள். தினம் நடக்கவும் சாப்பாட்டை மாற்றவும் ஆலோசனை பெற்றவர்களில் 39.3 சதவீதம். மெட்ஃபார்மின் மாத்திரை கொடுத்தாலும் ஏறக்குறைய அதே பலன்தான் கிடைத்தது. மாத்திரை செய்யும் வேலையை நடையும் சாப்பாடும் செய்யும் என்றால், மாத்திரைக்கு ஒதுக்குவதுபோல் நடைக்கும் பணம் ஒதுக்கத்தான் வேண்டும்.

போன தடவை ஊருக்கு வந்தபோது எங்கள் ஃபிளாட் வாசலில் ஒரு பெண்ணைப் பார்த்தேன். தோளில் பை. அதில் ரத்த அழுத்தம் பார்க்கும் மெஷின், விரல்நுனியில் குத்திச் சர்க்கரை பார்க்கும் கருவி, நோட்டுப் புத்தகம். மகளிர் சுயஉதவிக் குழுவிலிருந்து வந்த சுகாதாரத் தன்னார்வலர். வாட்ச்மேன் கேட்டைத் திறக்கவில்லை. “இங்க எல்லாரும் பிரைவேட்லதாம்மா பாத்துக்கறாங்க, போயிட்டு வாங்க” என்றார். அவர் மேல் தப்பு இல்லை. யாரையும் விடாதே என்று சொல்லிவைத்தது நாம். நான் இறங்கிப் போய் அந்தப் பெண்ணை உள்ளே கூப்பிட்டு, முதலில் வாட்ச்மேனுக்கே பார்க்கச் சொன்னேன். ஐம்பது வயசுக்காரர். கையை நீட்டத் தயங்கினார். “நல்லாத்தாம்மா இருக்கேன்” என்றார். அழுத்தம் 170க்கு மேல் காட்டியது. அழுத்தம் பார்த்துக்கொண்டது அவர் வாழ்நாளில் அதுதான் முதல் தடவையாம். படியைக் கூட்டுகிற அம்மா, மேல்மாடிச் சமையல்காரர், இஸ்திரிக்காரர் என்று ஒவ்வொருவராக வந்து உட்கார்ந்தார்கள். அந்தப் பெண் நிதானமாக நோட்டில் எழுதிக்கொண்டே, யார் யார் எங்கே போக வேண்டும் என்று சொன்னாள். நம் கேட்டுக்கு உள்ளேயே இத்தனை பேர் இருந்திருக்கிறார்கள்.

இங்கே சிங்கப்பூரில் 2016இல் சுகாதார அமைச்சர் நாடாளுமன்றத்தில் நீரிழிவுக்கு எதிரான போர் என்றே அறிவித்தார். சீனர்களைவிட எங்கள் இந்தியச் சமூகத்தில்தான் நோய் அதிகம் என்பதால் அந்தப் பேச்சு எங்களைத் தைத்தது. தினசரி நடக்கும் அடிகளை எண்ணிப் புள்ளி தருகிறார்கள். அந்தப் புள்ளியைக் கொண்டு கடையில் சாமான் வாங்கலாம். பாட்டில் பானங்களில் 2022 டிசம்பர் 30 முதல் சர்க்கரை அளவுக்கு ஏற்ப ஏ முதல் டி வரை முத்திரை இருக்கிறது. டி முத்திரைப் பானத்துக்கு விளம்பரமே செய்யக்கூடாது. ஆனால் எனக்குப் பெரிதாகப் படுவது இவையல்ல. அரசு கட்டிய அடுக்குமாடிகளுக்கும் பூங்காக்களுக்கும் நடுவே ஓடும் நடைவழி. துப்புரவு வேலை பார்க்கிறவரும் வங்கி மேலாளரும் ஒரே வழியில் நடக்கிறார்கள். அந்த வழிக்கு யாரும் சந்தா கட்டவில்லை. பணம் பொதுப் பணம்.

நம் ஊரிலும் பொதுப் பணத்தில் நடைவழி போட முடியும் என்பதற்குப் பாண்டி பஜார் சாட்சி. 2019 நவம்பரில் ஸ்மார்ட் சிட்டி நிதியில் திறந்த அந்த அகல நடைபாதையில் அம்மாவோடு நடக்கும்போது எனக்கு அவ்வளவு சந்தோஷம். 2023 நவம்பரில் பெசன்ட் நகர்ப் பக்கம் 8 கி.மீ. நடைப்பாதையும் வந்தது. லஸ் நாகேஸ்வர ராவ் பூங்காவில் விடிகாலையில் கூட்டம் சொல்லி மாளாது. எல்லாமே நல்லவை. ஆனால் கடைவீதி, கடற்கரை, வசதியான தெருக்கள் என்று நம்மைச் சுற்றியே இவை அமைந்திருப்பதைப் பாருங்கள். காலை ஆறு மணிக்கு அந்தப் பூங்காவில் நாம் நடந்துகொண்டிருக்கும்போது, நமக்குக் காபி போட வருகிறவர் பஸ்ஸில் தொங்கிக்கொண்டிருக்கிறார்.

பணம் இல்லாமல் இல்லை. 15ஆவது நிதிக்குழு ஐந்து ஆண்டுகளுக்கு, உள்ளாட்சிகள் வழியாகச் சுகாதாரத்துக்கென்றே 70,051 கோடி ரூபாய் மானியம் பரிந்துரைத்தது. நகர்ப்புற நலவாழ்வு மையங்கள் அந்த வழியில் வந்தவை. தமிழ்நாட்டுக்கு 708, அதில் சென்னைக்கு 140. அந்த மையங்கள் மாலை 4 மணி முதல் 8 மணி வரையும் திறந்திருக்கின்றன. வீட்டுவேலை முடிந்து போகிறவர்களுக்கு ஏற்ற நேரம் அது. உங்கள் வீட்டுக்கு வருகிறவருக்கு எந்த மையம் பக்கம் என்று நீங்களே விசாரித்துச் சொல்லுங்கள்.

இன்னொரு வழியும் இருக்கிறது. 2022 நவம்பர் 1 முதல் நகரங்களிலும் கிராமசபை மாதிரி பகுதிசபை கூடுகிறது. கவுன்சிலர் முன்னால் எழுந்து நின்று கேட்கலாம். நம் சங்கங்கள் அங்கே குப்பை, தெருநாய், பார்க்கிங் பற்றிப் பேசுகின்றன. பேசட்டும், தேவைதான். அதோடு, வார்டில் நடக்க இடமே இல்லாத தெரு எது, வெளிச்சமில்லாமல் சாயங்காலம் பெண்கள் நடக்கப் பயப்படும் தெரு எது, பூட்டியே கிடக்கும் மாநகராட்சி மைதானம் எது என்று எழுதிக்கொண்டு போங்கள். அந்தத் தெருக்காரர்களையும் கூட அழைத்துப் போங்கள். அவர்களுக்கு மனு எழுதத் தெரியாமல் இருக்கலாம். எந்த மூலையில் எப்போது கூட்டம் குறையும், எங்கே பிள்ளைகள் ஓடலாம் என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

கடைசியாக ‘நமக்கு நாமே’ திட்டம். ஊர்மக்கள் ஒரு பங்கு போட்டால் மீதியை அரசு போட்டு, பூங்காவோ விளையாட்டுத் திடலோ நடைபாதையோ அமைத்துத் தருகிறது. யோசித்தால் இது ஆசியாட் காலனி மாதிரி இடங்களுக்கு ஏற்ற திட்டம். பங்கு போட முடிகிறவர்களுக்கு அரசுப் பணமும் வரும். தினக்கூலியில் ஓடும் தெரு மக்கள் பங்கு எங்கிருந்து போடுவார்கள்? போடாவிட்டால் அரசுப் பணமும் அங்கே போகாது. ஆனால் அந்தப் பங்கை அந்தத் தெருக்காரர்தான் போட வேண்டும் என்பதில்லை. தனி ஆள் போடலாம், நிறுவனம் போடலாம், சங்கம் போடலாம்.

எங்கள் ஃபிளாட் சங்கத்தில் இந்த ஆண்டு வசூலில் லாபியை மறுபடி பெயின்ட் அடிக்கப் போவதாக அம்மா சொன்னாள். அந்தத் தொகையில் பக்கத்துத் தெருவின் பங்கைக் கட்டுங்கள். எங்கள் குடும்பத்தின் பங்காக எவ்வளவு என்று சொல்லுங்கள், அனுப்பிவைக்கிறேன். இங்கே இருக்கும் மாம்பலத்துக்காரர்கள், மந்தைவெளிக்காரர்கள் சிலரிடமும் பேசிவிட்டேன், அவர்களும் தயார். எந்தத் தெரு, எந்த இடம் என்பதைப் பகுதிசபையில் முடிவு செய்து எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் தெருப் பெண்