பாதத்தைப் பாராத வைத்தியம்

விருத்தாப்பியம் வந்துவிட்டால் கால் வலிக்கத்தான் செய்யும் என்ற அபிப்பிராயம் நம் குடும்பங்களில் எவ்வளவு ஆழமாக வேரூன்றியிருக்கிறதென்றால், அறுபதைக் கடந்த தாயார் காலையில் கட்டிலை விட்டு இறங்கியதும் சுவரைப் பிடித்துக்கொண்டு நாலெட்டு வைத்த பிறகே நிமிர்ந்து நடப்பதைத் தினந்தோறும் பார்க்கிற மக்களும், நரைத்த தலையைப் பார்ப்பதுபோல அதைப் பார்த்துவிட்டுத் தம் வேலைக்குப் போய்விடுகிறார்கள். வலியை அனுபவிக்கிற தாயாரும் அப்படியே எண்ணி வாய் திறவாதிருப்பதுதான் பெரிய சங்கடம்.

2019-ஆம் ஆண்டில் உலகத்தில் ஏறக்குறைய 52.8 கோடிப் பேர் மூட்டுத் தேய்மானத்தோடு வாழ்ந்தார்கள் என்றும், அவர்களில் நூற்றுக்கு 60 பேர் பெண்கள் என்றும் உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. இந்த வியாதி மிகுதியாகப் பீடிப்பது முழங்காலையே ஆதலால், வைத்தியரின் கவனமும் தைலம் விற்பவரின் கவனமும் அங்கேயே நின்றுவிடுகின்றன. ஆனால் அதற்குக் கீழே, 26 எலும்புகளும் 33 மூட்டுகளும் சேர்ந்து சரீரத்தின் பாரம் முழுவதையும் தாங்குகிற பாதம் ஒன்று இருக்கிறது. அங்கும் தேய்மானம் வரும், விசேஷமாகப் பெருவிரல் பாதத்தோடு சேரும் மூட்டில் வரும்.

ஒவ்வோர் அடியிலும் குதிகால் தரையை விட்டு எழும்போது அந்த மூட்டு மேல்நோக்கி மடங்கவேண்டும். மூட்டுக்குள்ளிருக்கும் குருத்தெலும்பு தேய்ந்து, ஓரத்தில் எலும்பு முளைத்து, மூட்டு விறைத்துப்போனால் மடங்குகிறபோதெல்லாம் வலிக்கும்; வலிக்குப் பயந்து மனிதர் பாதத்தின் வெளி விளிம்பை ஊன்றி நடக்கத் தொடங்குவார்; அந்தக் கோணல் நடையின் உபத்திரவம் கணுக்காலுக்கும் முழங்காலுக்கும் ஏறும். பாதவலி உள்ள முதியோர் கீழே விழுவதும் அதிகம் என்பதை ஆராய்ச்சியாளர் பலர் எடுத்துக் காட்டியிருக்கிறார்கள். விழுந்து இடுப்பெலும்பு முறிந்த பிறகு வீடே திரண்டு ஓடுகிற சிரத்தையில் கால் பங்கு முன்னமே காட்டப்பட்டிருந்தால் எவ்வளவோ நன்றாயிருந்திருக்கும்.

இதற்கு நம்மிடையே நடக்கிற வைத்தியம் எது என்பதை எந்த மருந்துக்கடை வாசலிலும் பார்க்கலாம். ஒரு மூதாட்டி வந்து, முந்தானை முடிச்சை அவிழ்த்துக்கொண்டே, "போன வாட்டி கொடுத்தியே தம்பி, அந்தக் கால் வலி மாத்திரை" என்கிறார்; தம்பியும் சீட்டு எதையும் கேளாமல், அட்டையில் பாதியைக் கத்தரித்துக் காகித உறையில் போட்டுக் கொடுக்கிறார். அந்த மாத்திரை வலியைத் தணிப்பது மெய்தான். ஆனால் மாதக்கணக்கில் விழுங்கினால் இரைப்பையைப் புண்ணாக்கவும், சிறுநீரகத்தைக் கெடுக்கவும், ரத்த அழுத்தத்தை ஏற்றவும் வல்லது என்பதையும், வலிக்கிற இடத்தில் பூசுகிற களிம்பே முதியவருக்குப் பெரும்பாலும் அபாயம் குறைந்தது என்பதையும் அவருக்கு யாரும் சொல்வதில்லை. காலில் என்ன செருப்பு என்று கேட்பாரோ அறவே இல்லை. அது அநேகமாக, அடி தேய்ந்து கையால் மடித்தால் இரண்டாய் மடங்குகிற ரப்பர் செருப்பாகத்தான் இருக்கும். விறைத்த பெருவிரல் மூட்டுக்கு அதைவிடக் கெடுதலானது வேறில்லை. எளிதில் வளையாத அடிப்பாகமும், முன்புறம் சற்றே மேல்நோக்கிய உருட்டும், விரல்கள் நெருக்குண்ணாத அகலமும் உள்ள பாதரட்சை அந்த மூட்டு மடங்கவேண்டிய அவசியத்தையே குறைத்துவிடுகிறது.

செருப்பை மருந்தாகக் கருதுவது நம் நாட்டுக்குப் புதிதன்று. 1914-இல் கொல்லிமலையில் பிறந்து, வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் தொழுநோயாளரிடையே பணியாற்றிய பால் பிராண்ட் என்ற சத்திர வைத்தியர், நோயாளிகளின் பாதம் புண்ணாவதற்குக் காரணம் வலியை உணராமல் ஒரே இடத்தில் அழுத்தி அழுத்தி நடப்பதே என்று கண்டறிந்து, நுண்துளை ரப்பர் வைத்த செருப்புகளை அவர்களுக்குச் செய்வித்தார். இன்று எம்.சி.ஆர். செருப்பு என்று சர்க்கரை நோயாளிகள் கேட்டு வாங்குவது அந்த வகையைச் சேர்ந்ததே. வலி தெரியாத பாதத்துக்குச் செருப்புச் செய்துகொடுத்த தேசத்தில் வலி தெரிகிற பாதத்துக்கு மாத்திரையோடு நிறுத்திக்கொள்வது எனக்கு விசித்திரமாகவே படுகிறது.

வலிக்கிற மூட்டை அசைக்காமல் வைத்திருப்பதே க்ஷேமம் என்று உபதேசிக்கிற உறவினர்களும் உண்டு. அவர்களுடைய அன்பை மெச்சலாமேயன்றி யோசனையைக் கைக்கொள்ளலாகாது. அளவான நடையும், தசைக்கு வலுவூட்டும் பயிற்சியும், பருத்த உடலானால் எடைக் குறைப்புமே வைத்தியர்கள் முதலில் சொல்பவை. பெருவிரல் மூட்டு ஓரிரவில் சிவந்து வீங்கிக் கொதித்தாலும், காலையில் விறைப்பு வெகுநேரம் நீங்காதிருந்தாலும், பாதம் மரத்துப்போனாலும், அவை வேறு வியாதிகளாக இருக்கக்கூடும். தாமதியாமல் வைத்தியரிடம் காட்டவேண்டும்.

2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் வீடு தேடி மருந்து வருகிறது. இயன்முறை சிகிச்சையும் அதில் அடக்கம். அப்படி வருகிற ஊழியர்கள் முதியவரின் பாதத்தையும் ஒரு முறை கையில் எடுத்துப் பார்க்கவேண்டும். பெருவிரலை மேலும் கீழும் அசைத்துப் பார்த்து, குனிய முடியாததால் வெட்டாமல் விட்ட நகம் சதையில் புதைந்திருக்கிறதா என்று கவனித்து, வாசலில் கிடக்கும் செருப்பைத் திருப்பி எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறதென்று குறித்துக்கொள்ளவேண்டும். தகுந்த பாதரட்சை வேண்டுமென்று தெரிந்தால், மருந்து கொடுப்பதுபோலவே அதையும் அரசாங்க ஆஸ்பத்திரிகள் இலவசமாகக் கொடுக்கவேண்டும்; வரும் ஆண்டின் வரவுசெலவுத் திட்டத்திலேயே அதற்குப் பணம் ஒதுக்கலாம்.